கங்காணி வீட்டு வெள்ளை ராஜா

கரடிக்கல் தோட்டத்துப் பாடசாலையில் சதுரங்கம் படித்த பிள்ளைகளில், சிப்பாய்க் காய் கிடைத்தவர்கள் பின்னோக்கிக் காலெடுத்து வைக்க முடியாமல் போனது ஒரு தைப்பொங்கல் கழிந்த வாரத்தில். அதே வாரத்தில்தான் கொட்டகலைக் கடைகளில் கோதுமை மாவின் விலை ஏறியது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் மாவைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பிள்ளை பின்னால் நடக்காவிட்டால் அடுப்பு எரிவது நிற்காது. மா இல்லாவிட்டால் நிற்கும். கங்காணி வீட்டு மகள் சுலக்ஷனா, சேர்ந்தாற்போல இரண்டடி வைக்க முடியாமல் நடுப்பாதையில் நின்ற பிறகுதான் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு எழுந்தது.

கங்காணி வீடு பாடசாலைக்கும் லயங்களுக்கும் நடுவில் இருக்கிறது. கருங்கல் சுவர், இரும்புக் கேற், பாதையைப் பார்த்த பெரிய ஜன்னல். காட்டை வெட்டித் தேயிலை போட்ட நாளில் கடல் தாண்டி ஆட்களைக் கூட்டி வந்த பெரிய கங்காணி பொன்னையாவுக்கு அன்றைய வெள்ளைக்காரத் துரை கட்டிக் கொடுத்த வீடு அது. பொன்னையா எந்தத் துரைக்கு முன்னாலும் தலைப்பாகையை அவிழ்த்ததில்லை. அவர் சாகும்போதும் சுவரில் சாயாமல் உட்கார்ந்தபடியே செத்தார் என்பது தோட்டம் அறிந்த செய்தி. அந்த வீட்டில் யாரும் எதிலும் சாய்வதில்லை; நாற்காலிகளுக்கு முதுகு இருந்தும் அது துடைக்கப்படுவதற்கு மட்டுமே இருந்தது. பொன்னையாவின் கொள்ளுப்பேரன் சிவசாமி தோட்டத்துக் கண்டாக்கு. காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று, யார் எந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவது, யாருக்கு அன்று கூலிக்குப் பேர் போடுவது என்று தீர்மானிப்பவர். அவர் மனைவி சண்முகவடிவு இறம்பொடை அனுமார் கோயிலுக்கு வருடக்கணக்காக நடந்து பெற்ற ஒரே பிள்ளைதான் சுலக்ஷனா. ஐந்து வயது வரை அவள் கால் மண்ணில் படவில்லை. பிறகு பாடசாலையில் விட்டார்கள். அதுவும், தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் கங்காணி வீட்டுப் பிள்ளை முதலாவதாக வர வேண்டும் என்பதற்காக.

சதுரங்கத்தைக் கொண்டுவந்தவர் ஊர்மிளா டீச்சர். சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து நியமனம் பெற்று வந்தவர். குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பாடம் நடத்துவார். கொழும்பிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் பாடசாலைக்கு ஒரு சதுரங்கப் பெட்டி அனுப்பியிருந்தார். ஒரே பெட்டி, அதிலும் கறுப்பு ராஜா இல்லை. டீச்சர் அந்த இடத்தில் ஒரு வெறும் நூல்கட்டையை வைத்தார். மீதிக் காய்களை எண்ணிப் பார்த்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை இருந்தன. ஆகவே ஆளுக்கு ஒரு காய் என்று வைத்துக்கொண்டார். பையில் கையை விட்டுக் கண்ணை மூடி எடுக்க வேண்டும். எடுத்த காய் எப்படிப் போகும் என்பதை அந்தப் பிள்ளை மட்டும் படித்தால் போதும். முற்றத்தில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, பிள்ளைகளையே அதில் நிறுத்தி நடக்க விட்டார். முற்றம் சரிவானது. கறுப்புக்காரர்கள் மேற்பக்கம் நின்று கீழே ரயில் பாதையைப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கள் கீழ்ப்பக்கம் நின்று மேலே மலையைப் பார்த்தார்கள். யானைப் பிள்ளை நேரே போகும், மந்திரிப் பிள்ளை கோணலாகப் போகும், குதிரைப் பிள்ளை தாண்டும், சிப்பாய்ப் பிள்ளை முன்னால் ஓரடி வைக்கும், திரும்பாது. பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாட்டை விட இதை வேகமாகப் படித்தார்கள். எல்லாவற்றுக்கும் முதலாவதாக டீச்சர் சொல்லிக் கொடுத்த விதி, தொட்ட காயை மாற்றக் கூடாது என்பது.

சுலக்ஷனாவின் கைக்குக் கறுப்புச் சிப்பாய் வந்தது. வெள்ளை ராஜா, கொழுந்து பறிக்கும் காளியாயியின் மகன் துஷாந்துக்குப் போனது. மறுநாள் காலை சிவசாமி பாடசாலை முற்றத்துக்கு வந்தார். நாற்காலி போட்டார்கள்; அவர் உட்காரவில்லை.

"என்னா டீச்சர், காளியாயி மகன் வெள்ள ராஜாவாம், எம் மக கறுப்புச் சிப்பாயாம். எங்க ஊட்டுப் புள்ள அவன் முன்னால சிப்பாயா நிக்கிறதா?"

"இது விளையாட்டு ஐயா. பிள்ளையள் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தவை. ராசா எண்டது பேர்தான் பெரிசு. ஒரு அடிக்கு மேல வைக்க மாட்டார். எதிராளி பாக்கிற இடத்துக்குப் போகவும் ஏலாது. உங்கட மகளின்ர காய் கடைசிக் கட்டத்தைத் தொட்டா ராணியாக் கூட வரலாம்."

"வரலாம்ங்கிறது லயத்துல உள்ளவங்களுக்கு. எங்களுக்கு இருக்கிறதக் குடுங்க."

"தொட்ட காயை மாத்தக் கூடாது எண்டு நானே சொல்லிக் குடுத்திட்டன் ஐயா. அதுதான் முதல் விதி."

"விதிய நீங்க புள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்றார் சிவசாமி.

அதிபர் தலையாட்டினார். அவர் குடியிருந்த வீட்டுக்குக் கூரைத் தகரம் மாற்றிக் கொடுத்தவர் சிவசாமி. துஷாந்த் தன் காற்சட்டைப் பையிலிருந்து வெள்ளை ராஜாவை எடுத்து, சட்டையில் துடைத்து, சுலக்ஷனாவிடம் கொடுத்துவிட்டுச் சிப்பாயை வாங்கிக்கொண்டான். அவன் அழவில்லை. அம்மா அடிப்பாங்களா என்று மட்டும் டீச்சரிடம் கேட்டான். அன்று மாலை சிவசாமி மகளின் கையில் ராஜாவைப் பிடிக்கக் கொடுத்து, லயத்து வாசல்கள் வழியாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாசலில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. எழுந்து நிற்பது அந்தத் தோட்டத்தில் வழக்கம்.

அந்த வாரத்தில்தான் விதிகள் பலகையை விட்டு இறங்கின. மாற்றக் கூடாத காயை மாற்றியதால்தான் என்று லயத்தில் சொன்னார்கள். அதற்குச் சான்று எதுவும் இல்லை. யானைப் பிள்ளைகள் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், பாதை முடியும் வரை நேராகப் போனார்கள். மந்திரிப் பிள்ளைகள் தேயிலைச் செடிகளுக்குள் கோணலாக நுழைந்து பள்ளிக்கூடம் வந்தார்கள். குதிரைப் பிள்ளைகள் தண்ணீர்ப் பீலியையும் நாய்களையும் தாண்டினார்கள். சிப்பாய்ப் பிள்ளைகள் வைத்த அடியைத் திருப்பி எடுக்க முடியாமல் நின்றார்கள். வெள்ளைச் சிப்பாய்களுக்கு மேல்நோக்கி மட்டும்தான் கால் போயிற்று. கறுப்புச் சிப்பாய்களுக்குக் கீழ்நோக்கி மட்டும். தாய்மார் கொழுந்துச் சாக்கில் பிள்ளையைத் தூக்கிப் போட்டு வீட்டுக்கும் பள்ளிக்கும் சுமந்தார்கள். இறக்கி விட்டால் பிள்ளை மறுபடியும் தன் பக்கம் பார்த்துத்தான் நிற்கும். சில தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளையைச் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். சுவர் முன்னால் இருந்தால் சிப்பாய் போக முடியாது. காளியாயி அதைச் செய்யவில்லை. புருஷன் இறந்த பிறகு அவளுக்கு இருந்தது துஷாந்த் ஒருவன்தான். அவனை எப்படிச் சுவரைப் பார்க்க வைப்பது என்று கேட்டுவிட்டு, அவள் தானே அவன் முன்னால் நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படிச் சில நாட்கள் அவள் பெரட்டுக்கு வரவில்லை. பிறகு மகனையும் சாக்கில் சுமந்துகொண்டு பெரட்டுக் களத்துக்கே வந்து, அங்கேயும் அவன் முன்னால் நின்றாள்.

"நீ வேலைக்கு வந்த ஆளா, மகனுக்கு வேலி கட்ட வந்த ஆளா?" என்று சிவசாமி கேட்டார்.

"நான் நகந்தா அவன் கீழ போயிருவான்யா."

"போனா வர்றான். கால் இருக்குல்ல."

"அதான்யா, வர முடியாத கால்."

பெரட்டில் நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். சிவசாமி சிரிக்கவில்லை. மலைக்குப் போனால் பேர், போகாவிட்டால் லயத்துக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்று சொன்னார். எல்லாருக்கும் சொல்லும் சொல்தான் அது. காளியாயி கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினாள். மத்தியானம் அவள் இறங்கி வந்தபோது பெரட்டுக் களம் வெறுமையாக இருந்தது. துஷாந்த் கொட்டகலை ஸ்டேஷனைத் தாண்டி ரயில் பாதையில் நடந்துகொண்டிருந்தான். பதுளையிலிருந்து வந்த ரயில், ஒதுங்கத் தெரியாத அந்தப் பிள்ளைக்குப் பின்னால் மாட்டு வண்டி போல ஊர்ந்து போயிற்று. றொசல்ல ஸ்டேஷனில் பயணிகள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு அம்மா பணிஸ் கொடுத்தாள். காளியாயி சாக்கோடு தண்டவாளத்தில் ஓடி வந்து பார்த்தபோது, ரயில் றொசல்லவைத் தாண்டிப் போய்விட்டது என்றார்கள். பிள்ளை ரயிலுக்கும் முன்னால் என்றார்கள். இருட்டி, மழையும் பிடித்து, அவளை யாரோ தோட்டத்து லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். சிப்பாய்க்கு முன்னால் ஆள் நின்றால் அது நிற்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் வழியெல்லாம் இருந்தார்கள். ஒரு ஊரில் ஹோட்டல் முதலாளி ஒருவர் அவன் முன்னால் ஆள் நிறுத்தி, கோப்பை கழுவ வைத்தார். அடுத்த ஊரில் அரிசி ஆலைக்காரர். ஆள் நகரும் போதெல்லாம் துஷாந்த் ஒரு ஊர் கீழே இறங்கினான். அவன் வளர்ந்தது அப்படித்தான்.

கங்காணி வீட்டில் முதல் மாதங்கள் பெருமையாகவே கழிந்தன. சுலக்ஷனா ஓரடி வைப்பாள், நிற்பாள், பிறகு அடுத்த அடி வைப்பாள். ராஜநடை என்று சண்முகவடிவு சொன்னாள். ஆனால் ராஜா, எதிராளியின் காய் பார்க்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. கங்காணி வீட்டு கேற்றிலிருந்து போகும் பாதையின் மறு முனையில், கொட்டகலை பஸ் திரும்பும் இடத்தில், ஒரு சில்லறைக் கடை உண்டு. கடைக்காரரின் மகன் லக்ஸ்மனுக்குக் கறுப்பு யானை கிடைத்திருந்தது. யானை நேர்கோட்டில் எவ்வளவு தூரமும் பார்க்கும். அவன் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் வரை அந்தப் பாதையில் சுலக்ஷனா கால் வைக்க முடியவில்லை. பாடசாலைக்குப் போவது நின்றது. பஸ் ஏறுவது நின்றது.

லக்ஸ்மனை வெட்டுவதற்குச் சிவசாமி வெள்ளைக் காய்ப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்பினார். சதுரங்கத்தில் வெட்டுவது என்றால், எதிராளி நிற்கும் இடத்தில் போய் நிற்பதுதான். அப்படிப் போய் நின்றால், முதலில் நின்ற பிள்ளை அந்த இடத்தில் இருக்காது. பாடசாலைச் சாமான் அறையில், உடைந்த மேசைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆனால் லக்ஸ்மனைச் சுற்றி மற்றக் கறுப்புப் பிள்ளைகள் இனிப்பு வாங்க நின்றதால், போன வெள்ளைப் பிள்ளைகள்தான் வெட்டுப்பட்டார்கள். முதல் பிள்ளை சாமான் அறையில் கிடைத்த அன்று அதன் தாய் மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். பிள்ளை எழுந்து, அவளை நோக்கி நேராக வந்து, பின்னால் போய், பக்கவாட்டில் ஓடி, தண்ணீர் குடிக்க வேண்டும் என்றது. வெட்டுப்பட்ட காய்க்கு விதி கிடையாது. இது தெரிந்த பிறகு லயத்து ஆட்கள் தங்கள் பிள்ளைகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வெட்டுப்பட அனுப்பினார்கள். வெள்ளையைக் கறுப்பும் கறுப்பை வெள்ளையும் வெட்டி, அடுத்த பொங்கலுக்குள் முக்கால்வாசிப் பிள்ளைகள் மனிதர்களைப் போல நடந்தார்கள்.

ராஜாவை மட்டும் வெட்ட முடியாது. அது விதி. அதைத்தான் சிவசாமி கேட்டு வாங்கியிருந்தார்.

கடைசியில் மிஞ்சியவர்கள் சிலர்தான். சுலக்ஷனா வீட்டுக்குள் இருந்தாள். லக்ஸ்மன் கடையில் இருந்தான். கடையை விட்டு எங்காவது போகும்படி ஆள் மூலம் சொல்லி அனுப்பியபோது, கல்லாவில யாரு இருக்கிறது, கண்டாக்கையா இருப்பாங்களா என்று கேட்டு அனுப்பினான். துஷாந்த் எங்கோ கீழ்நாட்டில் இருந்தான். நான்காவது ஆள் தனுஜா, தேயிலை இஸ்டோரில் கொழுந்து காய வைக்கும் மூக்கனின் மகள், வெள்ளைச் சிப்பாய். லக்ஸ்மனின் பார்வை வீட்டுக்குள் விழாதபடி மறைக்க கேற்றடியில் ஒரு ஆள் தேவைப்பட்டது. சிவசாமி மூக்கனுக்கு மழைபடாத வேலை கொடுத்தார். மூக்கன் தினமும் காலையில் மகளைத் தூக்கி வந்து கேற்றுக்கு வெளியே, வீட்டுக்கு முதுகு காட்டி, அடி எடுத்து வைக்கக் கூடாது என்று சொல்லி நிறுத்திவிட்டுப் போவான். மாலையில் தூக்கிப் போவான். மழைக்கு அவள் தலையில் உரப்பையைக் கொங்காணியாகப் போட்டுவிடுவான். அவள் நின்றதால் சுலக்ஷனா முற்றத்தில் இறங்கி, ரோஜாச் செடி வரை ஓரடி ஓரடியாகப் போய்வர முடிந்தது. கங்காணி வீட்டுக்காக நிற்பது அந்தக் குடும்பத்துக்குக் கௌரவம் என்று மூக்கனிடம் சொல்லப்பட்டது.

இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல். சுலக்ஷனா முற்றத்திலிருந்து தனுஜாவின் பின்னலோடு பேசுவாள்.

"ஏய் தனுஜா, பஸ்ஸு வந்துருச்சா?"

"வந்துருச்சு. சனம் ஏறுது."

"யாரு எறங்குனா?"

"ஒன் மாமியாரு. பெரிய பையோட."

"போடி. நெசமாச் சொல்லு."

"ஊர்மிளா டீச்சர். கொடய மறந்துட்டு மறுபடி ஏறுறாங்க. கொடுத்துவச்ச மனுசி, மறந்தா திரும்பிப் போகலாம்."

ஊர்மிளா டீச்சர் கங்காணி வீட்டுக்கு வந்து சுலக்ஷனாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், சுலக்ஷனா பெரிய பிள்ளையாகிச் சடங்கு முடிந்த பிறகு, டீச்சர் சிவசாமியிடம் ஒரு விதி மிச்சம் இருப்பதைச் சொன்னார். ராஜாவை அதற்குரியவர் தன் கையாலேயே சாய்த்து வைத்து, எதிராளிக்குக் கை கொடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும். பிறகு யாருக்கும் எந்த விதியும் இல்லை. காய் அந்த வீட்டுச் சாமி அறையில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், நிமிர்ந்து நின்றது.

"தோத்துட்டோம்னு சொல்றதா?" என்று சிவசாமி கேட்டார்.

"ஓம் ஐயா. அவ்வளவுதான். கறுப்புக்கு ராசாவே இல்லை, நூல்கட்டைதான் இருக்கு. அப்ப வெள்ளை வெல்லவே ஏலாது. தோக்காமல் நிக்கலாம். எவ்வளவு காலத்துக்கு நிக்கிறது?"

"யாருக்குக் கை குடுக்கணும்?"

"லக்ஸ்மனுக்குக் குடுக்கலாம். கறுப்பில அவர்தானே இஞ்ச இருக்கிறார்."

சுலக்ஷனா சாமி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, நான் சாச்சுரவா? நான் ஸ்கூலுக்குப் போகணும்பா" என்றாள். சண்முகவடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிவசாமி மகளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. டீச்சருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, மகளை முதுகில்லாத முக்காலியில் உட்கார வைத்து, பெரிய கங்காணி பொன்னையா செத்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். தோள் இன்னும் கொஞ்சம் என்றார். அவள் தோளை நிமிர்த்தினாள். அன்று அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு டீச்சர் அந்த வீட்டுக்கு அழைக்கப்படவில்லை. சுலக்ஷனாவும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கொரோனா வந்து நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது எல்லா வீடுகளிலும் முணுமுணுத்தார்கள். கங்காணி வீட்டில் எவரும் முணுமுணுக்கவில்லை. எப்படி இருப்பது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

துஷாந்த் கடலைத் தொட்டது டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடத்தில். கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் ரயில் பாதையை ஒட்டிக் கடல் வரும் இடத்தில், அலை அவன் காலை நனைத்தது. முன்னால் போக நிலம் இல்லை. கடைசிக் கட்டத்தைத் தொட்ட சிப்பாய் ராணியாகிவிடும். ராணி எந்தப் பக்கமும் எவ்வளவு தூரமும் போகும். மீசை முளைத்த பையன் ஆனதால் அவனை யாரும் ராணி என்று கூப்பிடவில்லை, ஆனால் அவன் திரும்பினான். மறுநாள் காலை லயத்து வாசலில் வந்து நின்றான். காளியாயி முன்வாசல் இஸ்தோப்பில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"யாரு?"

"நான்தாம்மா."

"திரும்பு பாப்போம்."

அவன் திரும்பி நின்றான்.

"பின்னால வா."

பின்னால் நடந்து வந்து அவள் மேல் இடித்தான். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். பிறகு சீனி இல்லை, லக்ஸ்மன் கடைக்குப் போய் வாங்கி வா என்று அனுப்பினாள்.

சீனியோடு அவன் பாதையில் நேராக இறங்கி வந்தபோது, கங்காணி வீட்டுக் கேற்றடியில் தனுஜா உரப்பையைப் போட்டுக்கொண்டு நின்றாள். இவ்வளவு காலமும் பஸ்ஸை மட்டும் பார்த்து நின்ற அவளுக்கு, நேர் எதிரே ஒரு ஆள் தன் முகத்தைப் பார்த்து வருவது புதிதாக இருந்தது.

"காளியாயி அத்த மகனா?"

"ஆமா. நீ இன்னும் இங்கேயா நிக்கிற?"

"நிக்கிறேன். ஒனக்கு இப்ப எல்லாப் பக்கமும் போகுமாமே."

"போகும்."

"அப்ப வெட்டிட்டுப் போடா. கால் மரத்துப் போச்சு."

அவன் சீனிப் பொட்டலத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவள் நின்ற இடத்தில் வந்து நின்றான். அவன் செய்தது உதவி. தனுஜா பாடசாலைச் சாமான் அறையில் எழுந்து, தூசி தட்டி, பின்பக்கமாக நடந்து பார்த்து, சிரித்து, நேரே போய் ஹட்டன் பஸ்ஸில் ஏறினாள். அப்பனுக்குக் கூடச் சொல்லவில்லை. இப்போது கட்டுநாயக்கவில் தையல் தொழிற்சாலையில் இருக்கிறாள்.

அந்த நேரம் சுலக்ஷனா ஜன்னலில் நின்றிருந்தாள். கேற்றடியில் ராணி. ராணிக்குப் பின்னால், பாதையின் முடிவில், ராணிக்குக் காவலாகக் கடை வாசலில் யானை. அவள் இடப்பக்கம் கால் வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. வலப்பக்கம் முடியவில்லை. முற்றம், அடுப்படி, சாமி அறை, எல்லா இடமும் அவன் பார்வைக்குள் இருந்தது. ராஜாவுக்குப் போக இடம் இல்லாமல் போனால் சொல்ல வேண்டிய சொல் அவளுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலேயே படித்திருந்தாள்.

"மாட்" என்றாள்.

துஷாந்த் நிமிர்ந்து பார்த்தான். "நான் ஒண்ணும் நெனச்சுச் செய்யல. இந்தா, போயிர்றேன்" என்று காலைத் தூக்கப் பார்த்தான். கால் வரவில்லை. மாட் விழுந்த பிறகு எந்தக் காயும் நகரக் கூடாது என்பதும் விதிதான். அதை அவனும் மூன்றாம் வகுப்பில் படித்திருந்தான்.

ஊர்மிளா டீச்சர் அன்றே ஓடி வந்தார். ராஜா ஒன்றைச் சாய்த்தால் இரண்டு பிள்ளைகளும் நடந்துவிடுவார்கள் என்று வாசலில் நின்று சொன்னார். காளியாயி வந்து, கங்காணி வீட்டு வாசலில் முதல் தடவையாக, கூப்பிடாமலே நின்றாள். "எனக்கு இன்னைக்குக் காலையிலதான்யா திரும்பக் கெடச்சான்" என்றாள். சண்முகவடிவு சாமி அறைக்குப் போய்க் காயை எடுத்து வந்து மகளின் கைக்கு எட்டும்படி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். சிவசாமி ஓய்வு பெற்று, நெஞ்சுவலிக்காரராக இருந்த காலம் அது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னலைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த பொன்னையாவின் படத்தைப் பார்த்தார். காய் விளிம்பில் அப்படியே நின்றது.

அந்த மழைக்காலத்தில் சிவசாமி இறந்தார். சாயாமல்தான் இறந்தார். பொன்னையா காலம் தொட்டுக் கங்காணி வீட்டுப் பிணம் தப்பு முழங்க முன் கேற் வழியாகத்தான் போகும். கேற்றடியில், பாடை போக இடமில்லாமல், காளியாயி மகன் உட்கார்ந்திருந்தான், அவனால் நகர முடியாது. தப்படிப்பவர்கள் முன்பக்கம் காத்துக்கொண்டிருக்க, பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியாகச் சண்முகவடிவு ஜன்னலுக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு அழிந்திருந்தது.

"ஆயி, இனி யாரு கேக்கப் போறா? அவருதான் போயிட்டாரே. சாச்சிரும்மா. ஒங்கப்பன் முன்பக்கமாப் போகட்டும். நீயும் போ."

சுலக்ஷனா காயைக் கையில் எடுத்தாள். கேற்றடியில் துஷாந்த் எழுந்து நின்றான். காளியாயி கும்பிட்டாள். சுலக்ஷனா காயில் படிந்திருந்த ஈரத்தைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு அதை விளிம்பில், முன்பு இருந்த இடத்திலேயே, நேராக வைத்தாள்.

"எங்க ஊட்டுல யாரும் சாஞ்சதில்ல" என்றாள். குரல் சிவசாமியின் குரலாகவே இருந்தது. பிணத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

வீட்டின் பின்சுவரை இடித்து, அந்த வழியாகச் சிவசாமியைக் கொண்டுபோனார்கள். கருங்கல் சுவர், இடிக்கச் சாயங்காலம் வரை பிடித்தது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த மகளைப் பெற்றதற்குச் சிவசாமி பெருமைப்பட்டிருப்பார்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. துஷாந்துக்கு மழைபடாமல் கேற்றடியில் காளியாயி ஒரு தகரம் போட்டிருக்கிறாள். காலையும் மாலையும் ரொட்டி கொண்டுவருகிறாள். அவன் கைப்பேசிகளைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான். ஆட்கள் அங்கேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சண்முகவடிவு ஆள் பார்க்காத நேரத்தில் அவனுக்குத் தேயிலைச் சாயத்தண்ணீர் வைக்கிறாள். ஜன்னலும் கேற்றும் பேசிக்கொள்வது குறைவு. பஸ் வந்ததும் வராததும்தான் பேச்சு. கல்யாணத் தரகர்கள் முதலில் வந்தார்கள், இப்போது வருவதில்லை. பாடசாலைக்குப் புதிய சதுரங்கப் பெட்டிகள் வந்திருக்கின்றன, இரண்டு ராஜாவும் உள்ளவை. அந்தக் காய்களால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நரைத்துவிட்ட ஊர்மிளா டீச்சர் மாற்றம் கேட்காமல் அங்கேயே இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எல்லா விதியும் சொல்லிக் கொடுத்து, மாட் என்ற பாடம் வரும்போது புத்தகத்தை மூடிவிட்டு, வரிசையாகக் கங்காணி வீட்டுப் பாதைக்குக் கூட்டிவருகிறார்.

"ராசா எங்க?"

"ஜன்னல்ல டீச்சர்."

"ராணி?"

"கேற்றுல. போன் திருத்துறாங்க."

"ராசாவை வெட்டேலுமா?"

"ஏலாது டீச்சர்" என்று பிள்ளைகள் அவர் பேச்சிலேயே சொல்வார்கள்.

போன வாரம் வந்த வகுப்பில் ஒரு சின்னப் பெண், வரிசையை விட்டு விலகி ஜன்னலுக்குக் கீழே போய், விளிம்பில் நின்ற பிளாஸ்டிக் ராஜாவை எட்டிப் பார்த்து, "அக்கா, இது கீழ விழுந்தா என்னா ஆகும்?" என்று கேட்டது. சுலக்ஷனா காற்றுக்கு அசையாதபடி காயை ஒரு விரல் உள்ளே தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையிடம் நிமிர்ந்து நிற்கச் சொன்னாள். பிள்ளை நிமிர்ந்து நின்றது. தோள் இன்னும் கொஞ்சம் என்றாள். பிறகு பஸ் ஹோன் அடித்தது. பிள்ளைகள் முன்னாலும் பின்னாலும் குறுக்கிலும் ஓடி வீட்டுக்குப் போனார்கள்.